நிக்குமா?

ஊரில் எல்லோரும் அவரை லைட்டக்கா என்றுதான் சொல்வார்கள். கல்யாண ஆல்பம் எதிலும் அவர் முகம் இருக்காது. ஆனால் சில வருஷங்களுக்கு முன்னால் திருவண்ணாமலையில் கல்யாணமான பெண்கள் பலருக்கு ஆல்பத்தில் மூக்குத்தி மின்னுகிறதென்றால் அதற்குக் காரணம் அவர்தான். படத்துக்கு வெளியே, மேடையின் ஓரத்தில், ஒரு கம்பைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருப்பார். கம்பின் நுனியில் ஃப்ளாஷ் லைட். அதன் முன்னால் வெளிச்சத்தை மெதுவாக்குகிற வெள்ளைக் குடை.

நான் மணப்பெண் அலங்காரம் செய்கிறவள். அக்காவின் வீட்டுக்காரர் போட்டோகிராபர். அவரை நான் அண்ணன் என்பேன். எங்கள் மூவருக்கும் ஒரே மண்டபங்கள், ஒரே ஆறிப்போன பொங்கல், ஒரே மாதிரியான பெண்வீட்டுச் சித்தப்பாக்கள்.

முதல் தடவை அக்காவைப் பார்த்தது அடி அண்ணாமலைப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாக எடுக்கிற படம். பின்னால் மலை தெரிய வேண்டும் என்று கிரிவலப் பாதையை விட்டு ஒரு மண் பாதைக்குள் போயிருந்தோம். நான் பவுடர் பெட்டியோடு நிற்கிறேன். பக்கத்தில் ஒரு அம்மாள் ஒட்டடைக் கம்பைப் பிடித்திருக்கிறார். பாத்திரக் கடையில் தொங்குமே, இழுத்தால் நீளுகிற அலுமினியக் கம்பு, அதேதான். நுனியில் இருந்த பிரஷைக் கழற்றிவிட்டு அண்ணன் அங்கே லைட்டை மாட்டியிருந்தார்.

மாப்பிள்ளையின் மாமா ஒருவர் சும்மா இருக்க முடியாமல், "இன்னாமா, மலைக்கு ஒட்டடை அடிக்கப் போறியா?" என்றார்.

"ஆமாங்க. ரொம்ப நாளாச்சாம், சாமி சொல்லி அனுப்பினாரு."

முகத்தில் ஒரு சிரிப்பில்லை. கம்பும் ஒரு நூல் அசையவில்லை. அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

எங்கள் தொழிலில் லைட் பிடிக்கிறவருக்கு லைட் பாய் என்று பெயர். பேரன் எடுத்தவராக இருந்தாலும் பாய்தான். லைட் பாய்க்குக் கூலி கொடுக்க முடியாதவர்கள் ஸ்டாண்டு வாங்குவார்கள். நல்ல ஸ்டாண்டு வாங்க முடியாதவர்கள் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அண்ணன் மூன்றாவது ரகம்.

ஆனால் அக்காவைப் போல நிற்பதற்கு எந்தக் கம்பெனி ஸ்டாண்டாலும் முடியாது. முதலில் செருப்பைக் கழற்றிவிடுவார். இரண்டு கால் விரல்களாலும் தரையைப் பிடித்துக்கொள்வார். அவ்வளவுதான், அப்புறம் அவர் அங்கே முளைத்துவிட்டார் என்று அர்த்தம். கன்னத்தில் கொசு உட்கார்ந்தால் வாயைக் கோணி ஊதுவாரே தவிர கை இறங்காது. ஒரு கல்யாணத்தில் யாரோ ஒரு குழந்தை அவர் புடவையைப் பிடித்து இழுத்து அம்மா அம்மா என்று அழுதது. கூட்டத்தில் தன் அம்மா என்று நினைத்துவிட்டது. அக்கா குனிந்து பார்த்தார். லைட் அசையவில்லை. "நான் இல்லடா கண்ணு, உங்கம்மா அந்தப் பக்கம்" என்று மெதுவாகச் சொன்னார். குழந்தை கேட்கவில்லை. தாலி கட்டி முடிகிறவரை அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நின்றது.

அவருக்கென்று ஒரு வார்த்தை இருந்தது. நிக்குமா. பஸ்ஸைப் பார்த்தால், "இது ஆஸ்பத்திரி ஸ்டாப்ல நிக்குமா?" மேகத்தைப் பார்த்தால், "இந்த மழ நிக்குமா?" நான் மணப்பெண்ணுக்குப் பொட்டு ஒட்டினால், "வேர்வைக்கு நிக்குமா?" கேள்வியும் அவரே, பதிலும் அவரே. "நிக்கும், நிக்கும்" என்று தலையாட்டிக்கொள்வார். எனக்குச் சிரிப்பாக வரும். ஏன்க்கா எல்லாத்தையும் நிக்க வெச்சே பாக்கறீங்க என்று கேலி செய்வேன். அந்த வார்த்தை அவர் வீட்டுக்குள் எப்படிப் புழங்கியது என்று எனக்கு அப்போது தெரியாது.

அண்ணன் ஸ்டாண்டு வாங்குகிற அழகைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த மனிதர் வாங்கவே மாட்டார், தேர்ந்தெடுத்துக்கொண்டே இருப்பார். போனில் எந்நேரமும் ஏதாவது ஒரு ஸ்டாண்டு படம் இருக்கும். வாங்கியவர்கள் எழுதியிருப்பதையெல்லாம் பஞ்சாங்கம் பார்க்கிற மாதிரி படிப்பார். சென்னைக்குப் போனால் கடைக்காரர் உயிரை எடுப்பார். காலை விரிப்பார், குலுக்குவார், திருகாணியைத் திருகிப் பார்ப்பார், கடைசியில் ஒரு பெருமூச்சோடு மடித்து வைத்துவிட்டு வருவார்.

"இது வெலை கம்மி, ஆனா வெட்டுக்கிளி காலு. குடை மாட்டினா காத்துல பறந்துடும். அது ஸ்டீலு, நிக்கும். ஆனா நம்மகிட்ட நிக்காது" என்பார்.

"அதான் நான் இருக்கேன்ல" என்பார் அக்கா.

ஒரே ஒரு தடவை அண்ணன் துணிந்து அந்த வெட்டுக்கிளிக் கால் ஸ்டாண்டை வாங்கினார். காரணம் இருந்தது. அக்காவுக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே கலைந்துபோன புதிது. கொஞ்ச நாள் நிற்கக் கூடாது, ஓய்வில் இருக்கட்டும் என்று வாங்கினார். வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் அக்கா மண்டபத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

முகூர்த்த நேரம். பெண்ணின் அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டுகிறது என்று யாரோ நல்ல மனசுக்காரர் பெரிய பெடஸ்டல் ஃபேனை மேடைப் பக்கம் திருப்பிவிட்டார். குடைக்குள் காற்று புகுந்தது. ஸ்டாண்டு அவசரமே படாமல், யோசித்து யோசித்துச் சாய்ந்தது. அக்கா கடைசி வரிசையிலிருந்து ஓடி வந்தார். அவர் பாதி வழி வருவதற்குள் லைட், அக்னி குண்டத்துக்குப் பக்கத்தில் விழுந்து பட்டென்று வெடித்து அணைந்தது.

நாதஸ்வரம் நின்றுபோனது. பெண்ணின் அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, விளக்கு சாஞ்சிடுச்சே!"

"அது விளக்கு இல்லீங்க, ஃப்ளாஷு" என்றார் அண்ணன்.

"எரிஞ்சுதா இல்லையா?"

"எரிஞ்சுதுங்க."

"எரிஞ்சா விளக்குதான்."

அண்ணன் குனிந்து கண்ணாடிச் சில்லைப் பொறுக்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஐயர் ஏதோ பரிகாரம் சொல்லி, தேங்காய் உடைத்து, கல்யாணம் நடந்து முடிந்தது. அந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் சேதி ஊர் முழுக்கப் போய்விட்டது. அதற்கப்புறம் யார் வீட்டில் கல்யாணம் பேசினாலும் அண்ணனிடம் முதல் வார்த்தை இதுதான்: "ஸ்டாண்டு கீண்டு வெக்காதீங்க. உங்க வீட்டம்மாவையே பிடிக்கச் சொல்லுங்க. அவங்க சாய மாட்டாங்க."

அக்கா மறுபடியும் செருப்பைக் கழற்றினார். இரண்டாவது பிள்ளையும் கலைந்தது. அப்போதும் யாரோ ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு மறுவாரமே வந்து நின்றார். மணப்பெண் அறையில் என் மேக்கப் நாற்காலியில் மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். அது அவர் வழக்கமே இல்லை. என்னக்கா என்றேன். "இதுவும் நிக்கல" என்றார். கண்ணாடியில் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அன்றுதான் அந்த வார்த்தை எனக்குப் புரிந்தது. அதற்கப்புறம் அவர் நிக்குமா என்று எதைக் கேட்டாலும் என்னால் கேலி செய்ய முடியவில்லை.

விளக்கு சாய்ந்த அந்தப் பெண்ணுக்கே வளைகாப்பு வந்தது. படம் எடுக்க அண்ணனைத்தான் கூப்பிட்டார்கள், அலங்காரத்துக்கு என்னை. வாசலில் அதே அத்தை. அக்காவின் கையில் இருந்த கம்பைப் பார்த்ததும் தயங்கினார். அப்புறம் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா நினைக்காதம்மா. புள்ளத்தாச்சி உக்காந்துகீற எடம். உனக்கே தெரியும். நீ வெளிய ஒக்காந்துக்கோ."

"பரவால்லீங்க" என்றார் அக்கா.

"அப்ப லைட்ட யாரு பிடிக்கறது? ஸ்டாண்டும் வேணாங்கறீங்க" என்றார் அண்ணன். அவர் குரலில் கோபம் இல்லை. அந்த மனிதருக்குக் கோபப்படத் தெரியாது. எனக்கு அவர் மேல்கூட ஆத்திரமாக வந்தது.

அத்தை என்னைப் பார்த்தார். "இதோ, இவளுக்குத்தான் ரெண்டு புள்ளைங்களாச்சே. நீ பிடிம்மா."

பிடித்தேன். பாட்டு ஒன்று முடிவதற்குள் தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி ஆகிவிட்டது. குடை ஆடுகிறது. அண்ணன் வலப் பக்கம் என்கிறார், நான் இடப் பக்கம் போகிறேன். அப்போது பின்னால் ஜன்னலிலிருந்து ஒரு குரல். வெளியே பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்த அக்கா, கம்பிக்கு அந்தப் பக்கம் எழுந்து வந்து நின்றிருந்தார்.

"கைய நீட்டாதம்மா. முழங்கைய இடுப்புல முட்டுக் குடு. ஆ, அப்படித்தான். இப்ப அவ மொகத்தப் பாரு, மூக்கோட நிழல் ஒதட்டுக்கு வரக்கூடாது. கொஞ்சம் ஏத்து. போதும். அழகா கீறா பாரு."

அந்தப் பெண்ணுக்கு வளையல் போட்டு முடிகிறவரை ஜன்னலுக்கு வெளியே நின்று அவர்தான் லைட் பிடித்தார் என்று சொல்ல வேண்டும். என் கை வெறும் ஸ்டாண்டு. ஆசீர்வாதம் செய்ய வந்த பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வரும்போது அத்தை ஜன்னலைப் பார்த்துப் பார்த்து நெளிந்தார். அந்தம்மாளை அன்றைக்கு என்னால் மன்னிக்க முடியவில்லை, இன்றைக்கும் முடியவில்லை.

மூன்றாவது தடவை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நிற்கவே கூடாது, எதையும் தூக்கக் கூடாது, முடிந்தவரை படுத்தே இருக்க வேண்டும். அக்கா என்னிடம் வந்து, "இந்தத் தடவ நிக்கும்னு தோணுது" என்றார். குரலில் ஒரு கூச்சம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதிருந்து ஸ்டாண்டுதான் எங்கள் எல்லோருக்கும் ஒரே பேச்சு. அக்கா உட்கார வேண்டுமென்றால் லைட் நிற்க வேண்டும். லைட் சாயாது என்று பெண்வீட்டார் நம்ப வேண்டும். நம்பாவிட்டால் வேலை போகும். வேலை போனால் ஆஸ்பத்திரிக்கு என்ன செய்வது?

முதலில் பழைய ஸ்டாண்டின் நடுவில் தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார் அண்ணன். நன்றாகவே நின்றது. ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், கேனைப் பார்த்துவிட்டுப் பந்திக்கு வைத்ததென்று நினைத்து அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். நல்லவேளை, அது ரிசப்ஷன், முகூர்த்தம் இல்லை. அடுத்ததாக மைக் செட்காரரிடம் ஒரு மைக் ஸ்டாண்டு வாங்கி வந்தார். அது நிற்கும், ஆனால் உயராது. வெளிச்சம் கீழேயிருந்து அடித்து எல்லோரும் பேய் மாதிரி வந்தார்கள்.

பிறகு வெல்டிங் பட்டறை பாயிடம் போனோம். அவர் பழைய ஆட்டோ சக்கரத்தின் ரிம்மைக் கீழே வைத்து, அதில் இரும்புக் குழாயை நட்டு ஒன்று செய்து கொடுத்தார். "காத்தா? புயலே அடிச்சாலும் அப்படியே நிக்கும், போங்க" என்றார். உண்மைதான், நின்றது. அதைத் தூக்கத்தான் இரண்டு ஆள் வேண்டியிருந்தது. முதல் மண்டபத்திலேயே மேனேஜர் ஓடி வந்தார். "கிரானைட் கீறிடும், வெளிய எடுங்க" என்றார். அண்ணனும் ஆட்டோ டிரைவருமாக அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்கள். அக்கா சேரிலிருந்து எழப்போனார். நான் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தேன்.

கடைசியில் அண்ணன் தன்னிடம் இருந்த இரண்டாவது கேமராவைக் கொடுத்துவிட்டு, சென்னையில் யாரோ மூடிய ஸ்டுடியோவிலிருந்து ஸ்டீல் ஸ்டாண்டு ஒன்றை வாங்கி வந்தார். சினிமாக்காரர்கள் வைத்துக்கொள்கிற ரகம். கால்கள் மடங்கும், ஆனால் விரித்துவிட்டால் பாறை. கால் மேலே போட மணல் மூட்டைகளை அக்கா படுத்தபடியே கையால் தைத்திருந்தார். தொட்டிலுக்கு வாங்கி வைத்திருந்த பூப்போட்ட துணி. மிச்சம் இருக்கு, அதான் என்றார். ஸ்டாண்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். உட்கார்ந்தபடியே கையால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தார்.

"நிக்குது" என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பெண்வீட்டார் பயத்துக்கும் அண்ணன் வழி கண்டுபிடித்தார். மேடையில் ஸ்டாண்டை வைத்ததும் பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டு, "நீங்களே தள்ளிப் பாருங்க" என்பார். அவர் தள்ளுவார். அசையாது. அப்புறம் மாமன் தள்ளுவார், சித்தப்பா தள்ளுவார். அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அக்கா முன் வரிசையில், நான் கொண்டுவந்து போட்ட தலையணை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் படுத்திரு என்றால் கேட்க மாட்டார். "தனியா படுத்திருந்தா அதையே நெனச்சிக்கினு கீறேன்மா. இங்க ஒக்காந்துதான கீறேன்" என்பார்.

வேங்கிக்காலில் புதிதாகக் கட்டின ஒரு மண்டபம். மாப்பிள்ளை மணமேடைக்கு வந்துவிட்டார். நான் பெண்ணுக்குக் கடைசியாக ஒரு தடவை முகத்தை ஒற்றிவிட்டு இறங்கி வந்தேன். அக்கா என்னைக் கண்ணால் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"அந்த துணிய எடுத்தாம்மா. மேக்கப்புக்கு மடியில விரிப்பியே, அந்த பெரிய துணி."

"இன்னாக்கா?"

"போயிடுச்சு போல."

துணியை எடுத்து வந்து அவர் மடியில் போட்டேன். "எழுந்திருங்க, ஆட்டோ கூப்பிடறேன், அண்ணன் வேற..."

"ஷ். நான் எழுந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். ஒரு விளக்கு சாஞ்சதுக்கே அவரு பட்டது போதும். தாலி கட்டட்டும்."

நான் கெஞ்சினேன். திட்டினேன். அவர் தன் கையால் என் வாயைப் பொத்தினார், கை ஜில்லென்றிருந்தது. பிறகு மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். அசையவில்லை. கெட்டி மேளம் கொட்டியது. எல்லோரும் எழுந்து அட்சதை போட்டார்கள். அவர் மட்டும் எழவில்லை. பக்கத்துச் சேர் அம்மாள் அவரைத் திரும்பி ஒரு மாதிரி பார்த்தார். ஸ்டாண்டு மேடையில் நிமிர்ந்து நின்றது. ஒவ்வொரு தடவையும் லைட் மின்னியது. அன்றைய படங்கள் அண்ணன் எடுத்ததிலேயே நல்ல படங்கள்.

ஆஸ்பத்திரியில் நான்தான் கேட்டேன், கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று. டாக்டரம்மா இல்லை என்று தலையாட்டினார். "அதனால இல்லைங்க. முன்னாடியே வந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

"அப்ப முன்ன ரெண்டு தடவ? நின்னதாலதானே?"

"அதுவும் சொல்ல முடியாது. சில பேருக்கு இப்படித்தான்."

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரையாவது, எதையாவது காரணம் சொல்லியிருந்தால்கூட அந்த மனிதர் பிழைத்துப்போயிருப்பார். வெளியே வந்ததும், "அப்ப எதுக்குமா இத்தன ஸ்டாண்டு பாத்தேன்?" என்று என்னிடம் கேட்டார்.

அதற்கப்புறம் கொஞ்ச காலம்தான் அவர்கள் இந்த ஊரில் இருந்தார்கள். பிறகு ஓசூர் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. அண்ணன் நம்பர் மாற்றிவிட்டார். நானும் தேடவில்லை, தேடி என்ன பேசுவது என்று தெரியவில்லை.

நான் கடைசியாக அக்காவைப் பார்த்தது ஒரு காலை முகூர்த்தத்தில். மேடையின் ஓரத்தில் ஸ்டீல் ஸ்டாண்டு. கீழே பூப்போட்ட மணல் மூட்டைகள். பெண்ணின் அப்பா தள்ளிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போயிருந்தார். அந்த ஸ்டாண்டை ஒட்டி அக்கா நின்றிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, விரல்களால் தரையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் கம்பியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு. அது அவரில்லாமலே நிற்கும். அது அவருக்கும் தெரியும்.

பெண்ணின் அம்மா நல்ல மனுஷி. கையில் ஒரு பிளாஸ்டிக் சேரோடு வந்தார். "அதான் ஸ்டாண்டு கல்லு மாதிரி கீதே. நீ இன்னாத்துக்கும்மா கால் கடுக்க நிக்கற? ஒக்காரு."

"ஒக்காந்தும் பாத்துட்டேங்க" என்றார் அக்கா.

அந்தம்மாளுக்குப் புரியவில்லை. சேரைப் பக்கத்தில் போட்டுவிட்டு வந்தவர்களைக் கவனிக்கப் போய்விட்டார். பூக்காரர் வந்து மாலைக் கூடையை அதன் மேல் வைத்தார்.